திருவையாற்றில் இரண்டு இரவுகள்

புஷ்ய பகுள பஞ்சமி நெருங்கிவிட்டால் போதும், பாட்டில் கொஞ்சம் பிடிப்பு உள்ளவர்களின் மனசு திருவையாற்றுக்குப் போய்விடும். ஸ்ரீ தியாகராஜ சுவாமிகள் 1847-ஆம் வருஷம் ஜனவரி 6-ஆம் தேதி சித்தியடைந்த திதி அது. வருஷா வருஷம் அந்த நாளில் காவேரிக் கரையில், அவருடைய சமாதிக்கு முன்னால் உட்கார்ந்து பெரிய வித்வான்களும் நேற்றுப் பாட்டுக் கற்றுக்கொண்டவர்களும் ஒன்றாகச் சேர்ந்து பஞ்சரத்ன கீர்த்தனைகள் பாடுகிறார்கள். டிக்கெட் கிடையாது. யார் வேண்டுமானாலும் போகலாம், கூட்டத்தில் உட்கார்ந்து சேர்ந்து பாடலாம்.

"பேசின் பிரிட்ஜிலே குடியிருக்கிறவங்களுக்குப் பஞ்சரத்னமா?" என்று சிரிக்காதீர்கள். எங்கள் பக்கம் என்றால் எல்லோருக்கும் ரயில் பாதையும், மின்சார நிலையமும், பக்கிங்ஹாம் கால்வாயின் வாசனையும்தான் ஞாபகத்துக்கு வரும். சென்ட்ரலுக்குப் போகிற ரயில் சிக்னலுக்காக நின்று மூச்சு வாங்குகிற இடம் என்றுதான் வெளியூர்க்காரர்களுக்கு எங்களைத் தெரியும். ஆனால் தியாகராஜ சுவாமிகளுக்கும் வட சென்னைக்கும் ரொம்ப நெருக்கம். அவர் சென்னைக்கு வந்தபோது ஜார்ஜ் டவுனில் கோவூர் சுந்தர முதலியார் வீட்டில்தான் தங்கினார். சிஷ்யர் வீணை குப்பய்யரும் இந்தப் பக்கத்துக்காரர்தான். திருவொற்றியூருக்குப் போய் அம்பாளைத் தரிசித்து, அவள் மேல் ஐந்து கீர்த்தனைகள் பாடியிருக்கிறார் சுவாமிகள். திருவொற்றியூர்ப் பஞ்சரத்னம் என்றே அவற்றுக்குப் பெயர். ஆக, அவர் நம்ம பேட்டைக்கும் வந்து போனவர்!

எங்கள் தெருவில் ஒரு டீச்சரம்மா மொட்டை மாடியில் சாயங்கால வேளையில் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறார்கள். சமையலை முடித்துவிட்டு, பிள்ளைகளை ஹோம்வொர்க்கில் உட்கார வைத்துவிட்டு, ஏழெட்டுப் பேர் போய் உட்காருவோம். நடுவில் ரயில் வந்தால் பாட்டை நிறுத்திவிட்டு, அது போனதும் விட்ட இடத்தில் எடுப்போம். இப்படியே பஞ்சரத்னம் ஐந்தையும் கற்றுக்கொள்ள எங்களுக்கு ஒன்றரை வருஷம் ஆயிற்று. "கற்றது போதும், திருவையாற்றுக்குப் போய்ப் பாடிட்டு வருவோம்" என்று டீச்சரம்மா ஒரு நாள் சொன்னார்கள். அங்கேதான் ஆரம்பித்தது வீட்டுக்கு வீடு பஞ்சாயத்து.

"பொம்பளைங்க மட்டுமா?"

ஏழு பெண்கள், மூன்று குழந்தைகள், இரண்டு இரவு வெளியூரில், ஹாலில் பாய் விரித்துப் படுக்கணும். எந்த வீட்டில் உடனே சரி என்பார்கள்? "அந்தக் கூட்டத்திலே எங்கே போய் நிற்பீங்க? நகை, நட்டு? ராத்திரி பாத்ரூம் போகணும்னா? குழந்தை தொலைஞ்சா?" என்று ஆளுக்கொரு கேள்வி. எதிர் வீட்டு அக்காவின் மகன், "டி.வி.யிலேயே காட்டுறானே, வீட்டிலே உட்கார்ந்து பாடுங்களேன்" என்று சொல்லி முடித்துவிட்டான்.

அந்தக் கேள்விகளில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். 2023 செப்டம்பர் 10-ஆம் தேதி நம் சென்னையிலேயே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் 'மறக்குமா நெஞ்சம்' கச்சேரி நடந்ததே, ஞாபகம் இருக்கா? கையில் டிக்கெட் வைத்திருந்தவர்களே உள்ளே நுழைய முடியாமல் திரும்பினார்கள். நெரிசலில் குழந்தைகள் அழுதார்கள், கூட்டத்தைப் பயன்படுத்திச் சிலர் கை வைத்ததாகப் பெண்கள் எத்தனையோ பேர் வெளிப்படையாகவே சொன்னார்கள். அதே வருஷம் நவம்பர் 25-ஆம் தேதி கொச்சியில் ஒரு பல்கலைக்கழகக் கச்சேரியில், திடீரென்று மழை வந்ததும் வெளியே நின்றவர்கள் உள்ளே ஓடி, படிக்கட்டில் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து நான்கு பேர் இறந்து போனார்கள். பாட்டுக் கேட்கப் போன இடம்!

ஆனாலும் ஒன்று சொல்லணும். இந்தத் திருவையாற்றிலேயே ஒரு காலத்தில் பெண்கள் ஆராதனையில் பாடக் கூடாது என்று இருந்தது. அதை மாற்றியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். சுவாமிகளின் சமாதி கவனிப்பாரற்றுக் கிடக்கிறது என்று கேள்விப்பட்டு, தன் சொந்தச் சம்பாத்தியத்தைப் போட்டுக் கட்டடம் எழுப்பினார். 1921-இல் வேலை ஆரம்பித்து 1925-இல் கும்பாபிஷேகம் நடந்தது. அப்படிக் கட்டிக் கொடுத்தவருக்கே பாட இடமில்லை என்றார்கள். 1927-இல் அவர் பெண்களைத் திரட்டித் தனியாகவே ஒரு ஆராதனை நடத்தினார். பல வருஷங்கள் கழித்து, 1940 வாக்கில்தான் கோஷ்டிகள் எல்லாம் ஒன்று சேர்ந்து, ஆணும் பெண்ணும் ஒரே இடத்தில் பாடுகிற வழக்கம் வந்தது. 1952-இல் காலமான அந்த அம்மாளின் சமாதியும் அங்கேயே சுவாமிகளின் சந்நிதிக்கு எதிரில் இருக்கிறது.

அவ்வளவு போராடி வாங்கிய இடத்துக்கு, "பத்திரம் இல்லை" என்ற ஒரு வார்த்தைக்குப் பயந்து போகாமல் இருக்கலாமா? பத்திரம் இல்லையென்றால் பத்திரமாகப் போக வழி பார்க்கணும். அதுதான் எங்கள் டீச்சரம்மாவின் கட்சி. என் கட்சியும் அதுதான்.

யார்டிலிருந்து வந்த யோசனை

வழி சொன்னது என் வீட்டுக்காரர்! அவருக்கு ரயில்வேயில் வேலை. பாதையில் வேலை செய்கிற ஆட்களோடு எப்போதும் ஒருவர் விசிலும் கொடியும் வைத்துக்கொண்டு நிற்பாராம். அவர் கடப்பாரையைத் தொடக் கூடாது, பேச்சுக் கொடுக்கக் கூடாது, வண்டி வருகிறதா என்று பார்ப்பது ஒன்றே அவர் வேலை. "எல்லோரும் வேலை செய்யுறப்போ எல்லோரும் பார்த்துக்குவாங்கன்னு விட்டா, யாரும் பார்க்க மாட்டாங்க. உங்களிலே ஒருத்தர் பாடாம நில்லுங்க" என்றார்.

சின்ன யோசனைதான். ஆனால் எங்கள் பிரயாணத்தைக் காப்பாற்றியது அதுதான். முறை போட்டுக்கொண்டோம். எந்த நேரமும் ஒருத்தி பாட்டில் லயிக்காமல், கழுத்தில் விசிலோடு குழந்தைகளையும் பைகளையும் கூட்டத்தையும் பார்க்கணும். ராத்திரியிலும் அப்படியே, இரண்டு இரண்டு மணி நேரம் ஒருத்தி விழித்திருக்கணும். சீட்டுக் குலுக்கிப் போட்டதில் பஞ்சரத்ன நேரம் எனக்கு விழுந்தது. ஒன்றரை வருஷம் கற்றுக்கொண்டது அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான். மாற்றிக்கொள்கிறேன் என்று இரண்டு பேர் சொன்னார்கள். சீட்டு என்றால் சீட்டுதான் என்று சொல்லிவிட்டேன்.

கிளம்பும் முன்

2025-இல் ஆராதனை ஜனவரி 14-ஆம் தேதி ஆரம்பித்து 18-ஆம் தேதி சனிக்கிழமை பஞ்சரத்னத்தோடு நிறைந்தது. பொங்கல் வாரம் என்பதால் ரயிலில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. ரிசர்வேஷன் 60 நாள் முன்னதாகத் திறக்கிறது. அன்றைக்கே எடுத்துவிடுங்கள், அதுவும் போக வர இரண்டுக்கும். திரும்பி வர டிக்கெட் இல்லாமல் குழந்தைகளோடு ராத்திரியில் பஸ் ஸ்டாண்டில் நிற்பதைப் போல ஆபத்து வேறில்லை.

தங்க இடம் போனிலேயே பேசி முடித்தோம். வாடகை எவ்வளவு என்பதற்கு முன்னால் நாங்கள் கேட்டது நான்கு கேள்விகள். பெண்களுக்குத் தனிப் பகுதி உண்டா? கழிவறை உள்ளேயா, வெளியேயா? கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கா? ராத்திரி காவலுக்கு யார்? பதில் சொல்லத் தயங்குகிற இடம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

நகை விஷயத்தில் டீச்சரம்மா கண்டிப்பு. தாலிச் சரடு தவிர தங்கம் கூடாது. அதையும் ரவிக்கைக்கு உள்ளே விட்டு ஊக்குப் போட்டுக்கொள்ளணும். "சுவாமிகள் ராஜா கொடுத்த பொன்னையே வேண்டாம்னவர். அவர் சந்நிதிக்கு நீங்க நெக்லஸ் போட்டுக்கிட்டுப் போகணுமா?" என்று ஒரே போடு! பணத்தை மூன்றாகப் பிரித்து மூன்று பேரிடம் வைத்தோம்.

போன் எல்லோரிடமும் இருக்கிறது. ஆனால் நம்பர் யாருக்கு மனப்பாடம்? போன் தொலைந்தாலோ சார்ஜ் தீர்ந்தாலோ சொந்தப் புருஷன் நம்பரே தெரியாது. அதனால் எல்லா நம்பரையும் ஒரு தாளில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு ஆளுக்கு ஒன்று இடுப்பில் சொருகிக்கொண்டோம். அவசரத்துக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, ரயிலில் 139. இந்த ஐந்தையும் குழந்தைகள்கூட ஒப்பிக்கும்படி பழக்கினோம்.

ஊர் வந்தது

காணும் பொங்கலன்று இரவு எழும்பூரில் ரயில் ஏறி, வெள்ளிக்கிழமை விடிகாலை தஞ்சாவூரில் இறங்கினோம். அங்கிருந்து திருவையாறு 13 கிலோமீட்டர்தான். பஸ் வெண்ணாறு, வெட்டாறு என்று ஒவ்வொரு பாலமாகத் தாண்டித் தாண்டிப் போகிறது. காவேரியையும் குடமுருட்டியையும் வடவாற்றையும் சேர்த்துத்தான் ஐந்து ஆறு, திரு-ஐயாறு! பொங்கல் முடிந்து வாசல்களில் கரும்புச் சோகை வாடிக் கிடந்தது. பேசின் பிரிட்ஜ் காற்றைச் சுவாசித்துப் பழகிய எங்களுக்கு அந்தப் பச்சை வாசனையே பாதி வியாதியைப் போக்கிவிடும் போல இருந்தது.

வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கிற மேட்டூர் அணையை ஜனவரி 28 வாக்கில்தான் மூடுவார்கள். ஆகவே ஆராதனை சமயத்தில் காவேரியில் தண்ணீர் ஓடும். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆற்றுத் தண்ணீர் குழாய்த் தண்ணீர் இல்லை, சகோதரிகளே! மணல் எடுத்த இடங்களில் முழங்கால் ஆழம் திடீரென்று ஆள் ஆழமாகும். நனைந்த புடவை காலைச் சுற்றிக்கொண்டால் நீச்சல் தெரிந்தவளுக்கே கஷ்டம். புஷ்ய மண்டபப் படித்துறையில், கூட்டம் குளிக்கிற நேரத்தில், கடைசிப் படிக்கு மேலேயே உட்கார்ந்து சொம்பால் மொண்டு ஊற்றிக்கொண்டோம். குழந்தைகளைப் படியில் உட்கார வைத்துத் தலையில் தெளித்ததோடு சரி. புண்ணியம் அதிலேயே வந்துவிடும்.

சமாதி வளாகத்துக்குள் நுழைந்ததும் எல்லோரும் மேடையைப் பார்ப்பார்கள். நாங்கள் முதலில் வெளியே போகிற வழியைப் பார்த்தோம். இது எங்கள் கோஷ்டியின் இரண்டாவது சட்டம். இந்தத் தஞ்சாவூரிலேயே 1997 ஜூன் 7-ஆம் தேதி பெரிய கோவில் கும்பாபிஷேக சமயத்தில் யாகசாலைப் பந்தல் தீப்பிடித்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். 2004 ஜனவரி 23-ஆம் தேதி ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபக் கூரைப் பந்தல் எரிந்து, மணமகன் உள்பட ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். வந்த வழியிலேயே எல்லோரும் திரும்ப ஓடினால் நெருப்போடு நெரிசலும் சேர்ந்து கொல்லும். ஆகவே பந்தலோ மண்டபமோ எதுவானாலும், வந்த வழி தவிர இன்னொரு வழியைக் கண்ணால் பார்த்து வைத்துக்கொண்டு, அதற்குப் பக்கத்தில் ஓரமாக உட்காருங்கள். நட்ட நடுவில் இடம் பிடித்தால் பெருமை உண்டு, வெளியே வர வழி இல்லை.

மூன்றாவது சட்டம், சந்திக்கிற இடம். "வாசல்கிட்டே" என்று சொன்னால் எந்த வாசல்? எடுக்க முடியாத, நகராத ஒரு பொருளைக் காட்டிவைக்கணும். வளாகத்துக்கு வெளியே சாலையோரம் இருந்த ஒரு டீக்கடையை நாங்கள் வைத்துக்கொண்டோம். கடைக்காரரிடமும் சொல்லிவைத்தோம். "குழந்தை வந்தா உட்கார வச்சுக்கறேன்மா, கவலைப்படாதீங்க" என்றார்.

முதல் இரவு

எங்களுக்குக் கிடைத்தது ஒரு கல்யாண மண்டபத்தின் ஹாலில் ஒரு பக்கம். கயிறு கட்டிப் போர்வையைத் திரையாகத் தொங்கவிட்டோம். குழந்தைகள் நடுவில், வயசானவர்கள் சுவர் ஓரம், திடமானவர்கள் வெளி ஓரம் என்று படுக்கை. பைகள் தலைமாட்டில், ஒன்றின் வாரை இன்னொன்றோடு முடிந்து. போர்வைத் திரைக்குப் பக்கத்தில் கொசுவர்த்தியும் மெழுகுவர்த்தியும் ஏற்றவே கூடாது. வேப்பெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கலந்து கை காலில் தடவிக்கொண்டோம். டார்ச் விளக்கு காவல் முறைக்காரியின் கையில். பாத்ரூமுக்கு இரண்டு பேராகத்தான் போகணும், குழந்தையானாலும் பெரியவளானாலும்.

இடம் இல்லாமல் வெளியே வண்டி நிற்கிற இடத்தில் பாய் விரித்தவர்களும் உண்டு. அதை மட்டும் செய்யாதீர்கள். 1969-இல் அமெரிக்காவில் உட்ஸ்டாக் என்ற இடத்தின் பெயரில் ஒரு பெரிய சங்கீத விழா நடந்ததாம். பால்பண்ணை வயலில் நாலு லட்சம் பேர் கூடி, வயலிலேயே தூங்கினார்கள். அங்கே தூங்கிக்கொண்டிருந்த 17 வயசுப் பையன் மேல் டிராக்டர் ஏறி இறந்து போனான் என்று படித்திருக்கிறேன். போர்த்திக்கொண்டு தூங்குகிற ஆள் டிரைவர் கண்ணுக்கு மூட்டை மாதிரிதான் தெரிவார்.

ராத்திரி ஒன்றரை மணி இருக்கும். எதிர் வீட்டு அக்காவின் முறை. எங்கள் பக்கத்துக் கதவை யாரோ தள்ளிக்கொண்டு வந்தான். "நான் மண்டபத்து ஆள்தான், இங்கேதான் படுப்பேன்" என்று சொல்லிக்கொண்டே திரையை விலக்கிவிட்டான். அக்கா டார்ச்சை நேராக அவன் முகத்தில் அடித்தார்கள், விசிலை ஊதினார்கள். ஒரே விசிலில் ஏழு பேரும் எழுந்து நின்றோம். "யாருப்பா நீ? வாட்ச்மேனைக் கூப்பிடு, பேசிக்கலாம்" என்று டீச்சரம்மா பாட்டு வகுப்புக் குரலில் கேட்டார்கள். அவன் பதில் சொல்லாமல் வெளியே போய்விட்டான். வாட்ச்மேனுக்கு அப்படி ஒரு ஆளையே தெரியவில்லை. காலையில் பந்தோபஸ்துக்கு நின்ற பெண் போலீஸிடம் அடையாளம் சொன்னோம். அவர் எழுதிக்கொண்டு, அன்று இரவு இரண்டு தடவை எங்கள் மண்டபத்தை வந்து பார்த்துவிட்டுப் போனார்.

கௌரவத்துக்குப் பயந்து பேசாமல் இருப்பதுதான் இந்த மாதிரி ஆட்களுக்குப் பலம். தூங்குவது போலப் பாசாங்கு செய்யாதீர்கள். சத்தம் போடுங்கள், வெளிச்சம் போடுங்கள், விடிந்ததும் சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லுங்கள். தப்புச் செய்தவன் வெட்கப்படட்டும்.

பஞ்சரத்னம்

சனிக்கிழமை காலை, சுவாமிகள் வாழ்ந்த வீட்டிலிருந்து உஞ்சவிருத்தி பஜனை புறப்பட்டுச் சமாதிக்கு வந்தது. ஒன்பது மணிக்கெல்லாம் கூட்டம் மணல் தெரியாமல் நிறைந்துவிட்டது. நாதஸ்வரம் முடிந்து, நாட்டையில் முதல் கீர்த்தனை ஆரம்பித்ததும் நூற்றுக்கணக்கான குரல்கள் ஒன்றாக எழுந்தன பாருங்கள்... உடம்பு சிலிர்த்துப் போச்சு. எங்கள் ஆறு பேரும் கண்ணை மூடிக்கொண்டு பாடினார்கள். நான் அவர்களுக்குப் பின்னால், மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்தையும் முதுகாலேயே கேட்டேன் என்றுதான் சொல்லணும். வாய் மட்டும் தானாக முணுமுணுத்தது.

ஸ்ரீராகம் முடிந்ததும்தான் ஆபத்து. உள்ளே வரும்போது மூன்று மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வந்த ஜனம், வெளியே போகும்போது ஒரே சமயத்தில் எழுந்திருக்கும். எதிர் வீட்டு அக்காவின் பேத்திக்கு ஏழு வயசு. அம்மா கையைப் பிடித்துக்கொண்டு வந்தவளுக்குக் கால் செருப்பு கழன்றது. கையை உதறிவிட்டுக் குனிந்தாள். நிமிர்வதற்குள் நடுவில் பத்து பேர் புகுந்துவிட்டார்கள். அவ்வளவுதான், காணோம்!

மேடையைப் பார்த்து நின்றிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. அவள் மஞ்சள் பாவாடை இடது பக்கமாக, ஆண்கள் கூட்டத்துக்கு நடுவே போவதைப் பார்த்தேன். விசிலை இரண்டு தடவை ஊதினேன். இரண்டு விசில் என்றால் குழந்தை காணோம் என்று அர்த்தம். டீச்சரம்மா டீக்கடைக்குப் போனார்கள். ஒருத்தி மைக் வைத்திருந்த இடத்துக்கு, ஒருத்தி போலீஸிடம். குழந்தையின் அம்மா மட்டும் அழுதுகொண்டே கூட்டத்துக்குள் பாயப் பார்த்தாள். அவளை இழுத்து ஓரத்தில் நிறுத்தினேன். எதிர்த்து ஓடினால் அவளும் விழுவாள், அவளால் இன்னும் நான்கு பேரும் விழுவார்கள்.

காலையில் எடுத்த போட்டோ போனில் இருந்தது. அதே மஞ்சள் பாவாடை, அதே ரிப்பன். "எப்படி இருப்பா?" என்று கேட்டபோது வார்த்தை தேட வேண்டியிருக்கவில்லை, காட்டினோம். குட்டிக்கு நாங்கள் பழக்கியிருந்ததும் வீண் போகவில்லை. தொலைந்தால் தேடி ஓடக் கூடாது, குழந்தையோடு இருக்கிற ஒரு அம்மாவையோ பெண் போலீஸையோ போய்ப் பிடித்துக்கொள்ளணும் என்று சொல்லியிருந்தோம். அவள் ஒரு கைக்குழந்தைக்காரியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாளாம்! பாவாடை உள்மடிப்பில் ஊக்குப் போட்டிருந்த சீட்டை அந்தப் பெண்மணி பார்த்து, டீச்சரம்மாவுக்குப் போன் செய்துவிட்டார். ஆரம்பம் முதல் கடைசி வரை பன்னிரண்டு நிமிஷம். அந்தப் பன்னிரண்டு நிமிஷத்தில் குழந்தையின் அம்மா பட்ட பாட்டை எழுத எனக்குக் கை வராது. செருப்பில் ஒன்று இன்னும் காவேரிக் கரையில்தான் கிடக்கிறது, கிடக்கட்டும்.

கூட்டத்தில் மாட்டிக்கொண்டால்

1992-இல் கும்பகோணம் மகாமகம், 2022-இல் தென் கொரியாவின் இதேவோன் குறுக்குச் சந்து. இதேவோனில் மட்டும் 159 பேர், பெரும்பாலும் இளசுகள். இந்த மாதிரி இடங்களில் பலர் மிதிபட்டுச் சாவதில்லை. நின்றபடியே நெஞ்சு நசுங்கி, மூச்சு விட முடியாமல் சாகிறார்கள். நம் கோரைப்பாயில் பாதிக்குக் கொஞ்சம் கூடுதலான இடம் ஒரு சதுர மீட்டர். அதில் ஐந்து பேருக்கு மேல் நின்றால் ஆபத்து ஆரம்பித்துவிட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள். நான்கு பக்கமும் உடம்பு இடித்து, கையைத் தூக்க இடம் குறைகிறதா? அப்போதே வெளியேறுங்கள்.

மாட்டிக்கொண்டால் இரண்டு கையையும் மடக்கி நெஞ்சுக்கு முன்னால் வையுங்கள். மூச்சு விட அந்த இடம் வேண்டும். குழந்தையைத் தூக்கிக்கொள்ளுங்கள். கூட்டத்தை எதிர்க்காமல், அது போகிற போக்கிலேயே போய், சற்று ஓயும்போது குறுக்காக ஓரத்துக்கு நகருங்கள். சுவர் பக்கமும் வேலிப் பக்கமும் ஒதுங்காதீர்கள், அங்கேதான் நசுக்கும். செருப்போ, போனோ, பையோ எது விழுந்தாலும் குனியாதீர்கள். விழுந்துவிட்டால் தலையைக் கையால் மூடிச் சுருண்டு, முடிந்தவரை சீக்கிரம் எழுந்திருங்கள். கத்துவதைவிட மூச்சைச் சேமிப்பது முக்கியம்.

உடம்பும் முக்கியம்

கழிவறைக்குப் பயந்து நம் பெண்கள் தண்ணீரே குடிக்க மாட்டார்கள். இது பெரிய தப்பு. அடக்கி வைத்தால் நீர்க்கடுப்பு வரும், தலை சுற்றும், கூட்டத்தில் மயங்கி விழுவது அதனால்தான். கொதித்து ஆறிய தண்ணீரை ஆளுக்கொரு பாட்டிலில் எடுத்துப்போய் வாய் வாயாகக் குடித்துக்கொண்டே இருங்கள். வயிற்றுப்போக்கு வந்தால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் மட்டமாக ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கலந்து, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். குழந்தை சோர்ந்து விழுந்தாலோ மூத்திரம் குறைந்தாலோ உடனே ஆஸ்பத்திரி. சர்க்கரை நோய்க்காரர்கள் மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டைத் தள்ளிப் போடக் கூடாது, மடியில் நாலு பிஸ்கெட்டாவது இருக்கட்டும். சானிட்டரி நாப்கின் தேதி இல்லாவிட்டாலும் பையில் இருக்கணும். புளியோதரையும் இட்லி மிளகாய்ப்பொடியும் முதல் நாளுக்குப் போதும், அடுத்த நாள் சூடாகக் கிடைப்பதைச் சாப்பிடுங்கள். அசோகா அல்வா மட்டும் விதிவிலக்கு! திருவையாற்றுக்குப் போய் அதைச் சாப்பிடாமல் வந்தால் யாரும் மன்னிக்க மாட்டார்கள்.

இரண்டாம் இரவு என் காவல் முறை மூன்று மணிக்கு. எல்லோரும் அசந்து தூங்கினார்கள். தூரத்தில் யாரோ இன்னும் பாடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் அந்நேரத்துக்கு யார்டில் வண்டி கோர்க்கிற சத்தம் கேட்கும், இங்கே ஆற்றுச் சத்தம். ஏழு வீடுகள் நம்பிக்கை வைத்து அனுப்பிய ஏழு பேரும் மூன்று குழந்தைகளும் என் கண் முன்னால் முழுசாகப் படுத்திருந்தார்கள்.

இந்த வருஷப் பிரயாணத்துக்கு யாரும் வீட்டில் பஞ்சாயத்துப் பண்ணவில்லை. எதிர் வீட்டு அக்காவின் மகனே, "அம்மா, விசிலை எடுத்து வச்சீங்களா?" என்று கேட்டாராம். ஆகவே சகோதரிகளே, பாட்டோ, தேரோ, திருவிழாவோ, ஆசைப்பட்ட இடத்துக்குப் போய் வாருங்கள். தனியாகப் போகாதீர்கள், கூட்டாகப் போங்கள். கூட்டத்தில் ஒருத்தி மட்டும் பாடாமல் நிற்கட்டும். அடுத்த தடவை அவள் பாடுவாள், வேறொருத்தி நிற்பாள். கழுத்தில் தொங்க ஒரு விசில் பத்து இருபது ரூபாய்க்குக் கிடைக்கிறது, இன்றைக்கே ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்களேன்!